ஒப்பீடு எனும் உரைகல்

தமிழுக்கும் அங்கேரி மொழிக்கும் உறவு உண்டு என்று மேடையிலே ஒருவர் முழங்குகிறார், கையொலி எழுகிறது. என்ன உறவு, எதனால் உறவு என்று கேட்பார் இல்லை. கேட்கவேண்டியவர் யார்? புராணத்துக்குச் சான்று கேட்கும் இளைஞர்தாம். பிறர் சொல்வதை ஆராய்ந்து பார்ப்பவன், தன் மொழியைப் புகழும் சொல்லை மட்டும் ஆராயாது ஏற்றுக்கொண்டால், அவனுடைய பகுத்தறிவு பாதி வழியிலேயே படுத்துறங்குகிறது என்பதன்றி வேறென்ன?

இந்த முழக்கத்தின் ஊற்றைத் தேடிப் போனால், நாஞ்சில் நாட்டுக்கு அண்மையில் உள்ள இடையன்குடிக்கே வந்து சேருவோம். அங்கே வாழ்ந்த கால்டுவெல் 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டார். 1875இல் விரிவாக்கி மறுபடியும் தந்தார். வடமொழியின் வயிற்றில் தமிழ் பிறந்தது என்ற கதையை அந்நூல் வீழ்த்தியது. 1816இலேயே எல்லிசு காட்டிய வழிதான் அது. அதனைப் பெருஞ்சாலை ஆக்கியவர் கால்டுவெல். அவருக்கு நாம் பட்டுள்ள கடன் பெரிது. ஆயினும் கடன்பட்டவன் கண்ணை மூடிக்கொள்ள வேண்டுமென்பதில்லை. அந்நூலில் இரண்டு ஒப்பீடுகள் உள்ளன. ஒன்று, திராவிட மொழிகளைத் தம்முள் ஒப்பிடுவது. மற்றொன்று, அவற்றைச் 'சித்தியம்' என்று அவர் குறித்த பின்னிய, துருக்கிய, மங்கோலிய மொழிகளோடு ஒப்பிடுவது. முன்னது நிலைத்தது, பின்னது நிலைக்கவில்லை. ஏன்?

திராவிட மொழிகளைப் பாருங்கள். தமிழில் பால், கன்னடத்தில் ஹாலு. இங்கே பத்து, அங்கே ஹத்து. பல் என்பது ஹல்லு, புலி என்பது ஹுலி. ஒரு சொல்லில் மட்டும் நிகழ்ந்த மாற்றமன்று இது. சொல்லுக்குச் சொல் ஒரே ஒழுங்கில் நிகழ்ந்த மாற்றம். மலையாளத்தில் தலை தலவாகும், மழை மழவாகும், மலை மலவாகும். தேங்காய் தேங்ங, மாங்காய் மாங்ங. ஒழுங்கு இருக்கிறது; ஆகவே உறவு இருக்கிறது.

அங்கேரி மொழிக்கும் இத்தகைய உறவினர் உண்டு. பின்லாந்து மொழியில் மீன் 'கலா', அங்கேரியில் 'ஹல்'. அங்கே மூன்று 'கோல்மே', இங்கே 'ஹாரொம்'. அங்கே மரம் 'பூ', இங்கே 'ஃபா'. பறவைக் கூடு அங்கே 'பெசா', இங்கே 'ஃபேசெக்'. ககரம் ஹகரமாவதும் பகரம் ஃபகரமாவதும் ஒழுங்கான மாற்றங்கள். தமிழுக்கும் அங்கேரி மொழிக்கும் இடையே இப்படியோர் ஒழுங்கை எவரும் நாட்டிக் காட்டவில்லை.

அப்படியானால் கால்டுவெல்லை ஈர்த்தது எது? பெரும்பகுதி அமைப்பு ஒற்றுமை. அங்கேரியில் 'ஹாஸ்' என்றால் வீடு. 'ஹாஸ்பன்' என்றால் வீட்டில். சொல்லின் பின்னே உருபு ஒட்டுகிறது, தமிழைப் போலவே. ஆனால் துருக்கியிலும் ஒட்டுகிறது, சப்பானியத்திலும் ஒட்டுகிறது. ஒட்டுவது ஒரு முறை. அதைக்கொண்டு குலம் கணிக்க முடியாது. இருவர் ஓட்டு வீட்டில் வாழ்வதால் உடன்பிறந்தார் ஆகிவிடுவரோ?

இன்னொரு வாதமும் உண்டு: அங்கேரியில் தந்தை 'அபா', தமிழில் அப்பா, ஆகவே உறவு! இதை ஏற்றால் நிற்க இடமில்லை. அமெரிக்க மண்ணின் பழங்குடியாரான நவாஹோ மக்கள் என் தாய் என்பதற்கு 'ஷிமா' என்பர். உன் தாய் 'நிமா', அவன் தாய் 'பிமா'. தமிழில் அம்மா. இதனால் நவாஹோவும் தமிழும் ஒரு வயிற்று மக்களோ? உலகெங்கும் குழந்தையின் வாய் முதலில் எழுப்பும் ஒலிகளில் மகரமும் பகரமும் உண்டு. அந்த ஒலிகளைப் பெற்றோர் தமக்குரிய பெயராக்கிக்கொள்கின்றனர். ஒட்டுமுறையிலும் நவாஹோ வேறு வழி செல்கிறது: அங்கே உடைமைச் சொல் முன்னே நிற்கும், வினைச்சொல்லிலும் முன்னொட்டுகள் அடுக்கடுக்காய் வரும், தூக்கிக் கொடுக்கும் பொருள் நீண்டதா உருண்டதா என்பதற்கேற்ப வினையடியே மாறும்.

இந்த மூன்று மொழிகளின் வரலாறும் தரும் பாடம் ஒன்றுண்டு. 1770இல் சைனோவிச் என்பார், அங்கேரி மொழிக்கு வடகோடிச் சாமி மக்களின் மொழியோடு உறவு என்று சான்றுடன் எழுதினார். சீற்றம் எழுந்தது. வீரன் அட்டிலாவின் வழித்தோன்றல் என்று மீசை முறுக்கியோர்க்கு மீன் நெய் நாறும் உறவு கசந்தது. உண்மை அவர்களுடைய பெருமைக்காகக் காத்திருக்கவில்லை. நவாஹோ மொழியோ, பள்ளியிலே பேசினால் தண்டனை பெற்ற மொழி. 1942இல் அம்மக்களில் 29 இளைஞர்கள் அமெரிக்கக் கடற்படை வீரர்க்காக அதே மொழியில் மறைகுறி அமைத்தனர். சப்பானியப் படையால் அதை உடைக்க இயலவில்லை. உயர்ந்த சுற்றம் தேடித்தான் ஒரு மொழி உயரவேண்டும் என்பதில்லை. பேசும் மக்களின் தேவையை நிறைவேற்றும் எந்த மொழியும் உயர்மொழியே.

குமரி மாவட்டத்துக்கு இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. இங்கே இரு மொழிகள் தோளோடு தோள் உரசி வாழ்கின்றன. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்து உயிர்கள் மாய்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தாய்த் தமிழகத்தோடு இணைந்தன. உரிமை வென்றது, நன்று. ஆனால் மலையாளத்தைச் சிதைந்த தமிழ் என்று இகழ்வது எந்த அறிவின்பாற்பட்டது? வந்தான், வந்தாள், வந்தார் என்ற மூன்றிடத்தும் மலையாளி 'வந்நு' என்பான். பால் காட்டும் ஈற்றை அம்மொழி விட்டுவிட்டது. அதே மொழி ற்றகரத்தின் பழைய நுனியண்ண ஒலியைக் காத்துவருகிறது. ஈழத் தமிழரும் காக்கின்றனர். தமிழகத்துப் பொதுப்பேச்சோ அதைத் தகரமாக்கிவிட்டது. யார் சிதைத்தவர், யார் காத்தவர்? ஒன்றை இவர் விட்டார், ஒன்றை அவர் விட்டார். உடன்பிறந்தார் கதை அதுதான்.

நாகர்கோவில் வடசேரியில் 1926இல் பிறந்த வ.அய். சுப்பிரமணியம் இதை அறிந்தவர். தமிழறிஞரான அவர் திருவனந்தபுரத்திலே 1977இல் திராவிட மொழியியலுக்கென ஒரு பன்னாட்டுப் பள்ளியை நிறுவினார். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரும் ஆனார். எல்லையின் இருபுறமும் நின்று ஆராய்ந்த அத்தகையோர் வழியே நம் வழியாகட்டும்.

கால்டுவெல்லைப் போற்றுவோம், அவர் மெய்ப்பித்ததைக் காப்போம், மெய்ப்பிக்காததை மெய் என்று முழங்காதிருப்போம். இனிமேல் மேடையிலே உறவுமுழக்கம் கேட்டால் ஒரே ஒரு வினா எழுப்புங்கள்: ஒலிமாற்றத்தின் ஒழுங்கு எங்கே? விடை வந்தால் கைதட்டுங்கள். வரவில்லையெனில் வாளாவிருங்கள், பொய்ப் பெருமை இன்றியே தமிழ் வாழும்.