எலி வேட்டையும் விதைப்பு நாளும்

நெற்பயிர் பொதிப் பருவத்தில் நிற்கும்போது, வரப்பிலிருந்து சற்று உள்ளே தள்ளித் தூர்கள் சாய்வாகக் கத்தரிக்கப்பட்டுத் திட்டுத்திட்டாய் மடிந்து கிடக்கக் கண்ட விவசாயிக்கு, அது எலியின் வேலை என்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. காவேரிப் பாசனத்திலும் சரி, இலங்கையின் அநுராதபுரம், கிளிநொச்சி முதலிய ஜில்லாக்களின் குளத்து வயல்களிலும் சரி, காட்சி ஒன்றே. ஆனால் அதைத் தடுக்க ஊரும் சர்க்காரும் கூடிச் செய்யும் பிரயத்தனங்கள் இரு தேசங்களிலும் வெவ்வேறு வழியே சென்றிருக்கின்றன.

நம் தஞ்சைப் பக்கத்தில் எலியொழிப்பு என்பது கைத்திறம் படைத்த சிலரிடம் ஒப்படைக்கப்பட்ட தொழில். மூங்கிற் பட்டையை வில்லாக வளைத்து, கயிற்றுச் சுருக்கும் சிறிது இரையும் வைத்து, அந்தி மயங்கும் வேளையில் வயலெங்கும் கிட்டி ஊன்றிச் செல்பவர், மறுநாள் விடியலில் கழுத்து நெரிந்த எலிகளைப் பொறுக்கி, எண்ணிக் காட்டி, தலைக்கு இவ்வளவென்று கூலி பெறுகிறார். இருளர்களோ, துவாரமிட்ட மண்பானையில் வைக்கோலைப் புகையவிட்டு, வாயால் ஊதி வளைக்குள் செலுத்தி, பிறகு வளையை வெட்டி எலியோடு அது சேர்த்துவைத்த நெற்கதிர்களையும் எடுத்துக்கொள்வர். அந்தப் புகை ஊதுகிறவர் நெஞ்சிலும் இறங்குவது பற்றி நிலத்துக்காரர் அதிகம் விசாரிப்பதில்லை. வேளாண்மைத் துறையும் தன் பங்குக்குத் துத்தநாக பாஸ்பைடு, புரோமடியலோன் முதலிய விஷங்களைப் பரிந்துரைத்து, ஆந்தை வந்து அமரக் குச்சி நாட்டச் சொல்கிறது.

இவை யாவும் செத்த எலியைக் கணக்கெடுக்கும் உபாயங்கள். மிசோரம் மலைகளில் 1959-ஐ ஒட்டி மூங்கில் பூத்து, அதன் விதையைத் தின்று பெருகிய எலிகள் பயிரை அழித்தபோது, சர்க்கார் எலிவாலுக்கு வெகுமதி அறிவிக்க, லக்ஷக்கணக்கில் வால்கள் வந்து குவிந்தன. பஞ்சமோ வந்தே தீர்ந்தது.

இலங்கையில் எலியைப் பற்றிய பேச்சுக்கு முன்பே ஒரு காரியம் நடந்துவிடுகிறது. பருவந்தோறும் ஒரு குளத்தின் கீழுள்ள கமக்காரர்கள் உத்தியோகத்தர் முன்னிலையில் கூடும் கன்னக் கூட்டத்தில், தண்ணீர் திறக்கும் நாளும், விதைப்புக்குக் கடைசி நாளும், வாய்க்கால் துப்புரவும், வேலியடைப்பும் தீர்மானமாகின்றன. தண்ணீருக்காக ஏற்பட்ட இவ்வேற்பாடுதான் எலிக்கும் தக்க மருந்து என்பது என் துணிபு. ஏனெனில், எலி இனம் பெருக்குவது நெல் கதிர்வாங்கும் காலத்தை ஒட்டியே. அதன் கர்ப்பகாலமோ மூன்று வாரந்தான். எல்லா வயலும் ஒருங்கே விளைந்து ஒருங்கே அறுபட்டால் அதற்கு வாய்ப்பது ஒரு குறுகிய விருந்து; ஒரு வயல் அறுப்புக்கு நிற்கையில் பக்கத்து வயல் பொதி கட்டினால் விருந்து மாதக்கணக்கில் நீளும்.

இதனால் இலங்கையில் எலித்தொல்லை இல்லையென்று எவரும் எண்ணிவிட வேண்டாம். குளம் நிறையத் தாமதித்தால் நாள் குலைகிறது. தென்மேற்கு ஈரவலயத்தில் கைவிடப்பட்டுத் தரிசாய்க் கிடக்கும் வயல்கள் எலிக்குக் குடியிருப்பு. 2008-இல் எலிக்காய்ச்சல் தீவெங்கும் பரவி ஏழாயிரத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டதாகக் கணக்காயிற்று. எண்ணும் மோகமும் அங்கே இல்லாமலில்லை: 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு, நாடு முழுவதும் ஐந்து நிமிஷம் நின்று, தத்தம் தோட்டத்துக் குரங்கையும் மயிலையும் மர அணிலையும் எண்ணும்படி சர்க்கார் ஜனங்களைக் கேட்டுக்கொண்டது.

மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படுவது என்ற வழக்கம் நமக்கும் ஒருவகைக் கன்னக் கூட்டமாகவே இருந்து வந்தது. அணையில் நீர் குறைந்த வருஷங்களில் அந்நாள் தவறியதாலும், பம்புசெட்டு வைத்திருப்பவர் தம் சௌகரியப்படி முன்கூட்டியே நாற்று விடுவதாலும், ஒரே வாய்க்காலின் இருமருங்கிலும் இன்று நாற்றும் கதிரும் ஒரே சமயத்தில் நிற்கின்றன. ஆகவே அடுத்த குறுவைக்கு விஷ வில்லைகளை விநியோகிக்குமுன், வேளாண்மை அதிகாரிகள் ஒவ்வொரு வாய்க்கால் தலைப்பிலும் நிலத்துக்காரர்களைக் கூட்டி, நடவுக்கு ஒரு நாளை நிச்சயம் செய்யட்டும். கிட்டி வைப்பவரையும் அந்தக் கூட்டத்துக்கு அழைக்கட்டும்.