நடுத்தீர்ப்பும் பொறுப்புப் பங்கீடும்

பலர் பிழையால் ஒருவனுக்கு நட்டம் விளைந்தவிடத்து, அவருள் எவரிடமிருந்தும் அந்நட்டம் முழுவதையும் அறவிடலாம் என்பது ஆங்கிலப் பொதுச்சட்டத்தின் பழைய விதி. இதனால், பிழை சிறிதாயினும் காப்புறுதியாற் கைவளம் பெரிதாகவுள்ள கணக்காய்வாளரையும் எந்திரியையுமே வழக்காளிகள் நாடினர். 2001 ஆம் ஆண்டில் எச்.ஐ.எச். காப்புறுதி நிறுவனம் வீழ்ந்ததையொட்டிய நெருக்கடியின் பின், அவுஸ்திரேலிய மாநிலங்கள் அவ்விதியை மாற்றின. பொருளிழப்பு வழக்குகளில் தவறியோர் தத்தம் பங்குக்கே பொறுப்பாவர் என்பது புதிய ஏற்பாடு.

கட்சிகள் தாமே தெரிந்துகொண்ட நடுத்தீர்ப்பாளர் முன்னும் இவ்வேற்பாடு செல்லுமோ? தென் அவுஸ்திரேலியாவில் வின்சர் கார்டன்சு என்னுமிடத்துப் பண்டசாலையொன்றின் கட்டுமானம் பற்றி, பாஸ்கேல் என்னும் கட்டட நிறுவனத்துக்கும் அதன் எந்திரவியல் ஆலோசகரான டெசராக்ட் நிறுவனத்துக்குமிடையே எழுந்த பிணக்கு இவ்வினாவை முன்வைத்தது. செல்லாதென 2022 இல் மாநில மேன்முறையீட்டு நீதிமன்றம் விடையிறுத்தது. செல்லுமென 2024 ஆகத்து 7 ஆந் திகதி அவுஸ்திரேலிய உயர்நீதிமன்றம் ஐவர்க்கு இருவராகத் தீர்த்தது.

நடுத்தீர்ப்புச் சட்டத்தின் 28 ஆம் பிரிவு, கட்சிகள் தெரிந்த சட்டவிதிகளின்படியே பிணக்கைத் தீர்க்குமாறு பணிக்கின்றது. மாநிலச் சட்டத்தைத் தெரிந்தோர் அதன் பங்கீட்டு விதியையும் உடன் தெரிந்தோரே. பொறுப்பின் அளவு மன்றத்துக்கு மன்றம் மாறுதல் தகாது. பெரும்பான்மையோரின் இக்கருத்து வலிமையுடைத்து, முடிபும் சரியானதே.

எனினும், மாறுபட்ட நீதியரசர் எடெல்மன், ஸ்டுவேட் ஆகிய இருவரும் சுட்டிய இடர் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. நீதிமன்றத்தில் தவறியோர் அனைவரையும் ஒரே வழக்கிற் சேர்க்கலாம். நடுத்தீர்ப்பிலோ, ஒப்பந்தத்துக்குப் புறத்தேயுள்ளவரை இசைவின்றிச் சேர்த்தல் இயலாது. நட்டம் நூறெனக் கொள்க. ஆலோசகர் பங்கு நாற்பதென நடுத்தீர்ப்பாளர் காண்கின்றார். எஞ்சிய அறுபதுக்காக வழக்காளி பிறிதொருவர்மீது நீதிமன்றம் செல்கின்றான். முந்திய தீர்ப்பால் அப்பிறர் கட்டுண்டவரல்லர். அவர் பங்கும் நாற்பதே என அந்நீதிமன்றம் காணலாம். இருபது எவரிடமும் பெறுதற்கின்றி ஒழியும்!

தவறியவன் வக்குரோத்தானால் நீதிமன்றத்திலும் வழக்காளி இழப்பானன்றோ எனலாம். ஒப்புமை பொருந்தாது. வக்குரோத்தின் சுமையை வழக்காளிமீது வைத்தல் சட்டமன்றம் எண்ணித் துணிந்தது. இரு மன்றங்களின் முரண்பட்ட கணிப்பால் விளையும் இழப்பை அது எண்ணியதென்பதற்குச் சட்டவாசகத்திற் சான்றில்லை. நடுத்தீர்ப்பைத் தெரிந்தோர் அதன் குறையையும் ஏற்றனர் என்பதே எஞ்சும் விடை. தீர்ப்புக்குப் பின் ஒப்பந்தஞ் செய்வோர்க்கு அது பொருந்தும். முன்னரே கையொப்பமிட்டோர்க்கோ கடுமையானது.

ஒப்பந்தத்தாலேயே பங்கீட்டை விலக்கலாமெனின், புதுத் தென் வேல்சும் மேற்கு அவுஸ்திரேலியாவும் தஸ்மானியாவும் அதற்கு வெளிப்படையாக இடமளிக்கின்றன, குயின்சுலாந்து தடுக்கின்றது. வழக்கெழுந்த தென் அவுஸ்திரேலியாவின் சட்டமோ இதுபற்றி வாய்திறந்திலது.