சாக்குத் துணியில் ஒரு சாட்சியம்

சிலி நாட்டு அர்பில்லேரா என்னும் ஒட்டுத்துணிச் சித்திரத்தின் அழகு முதலில் நிறங்களில்தான் தெரியும்: ஆண்டிஸ் மலை, மஞ்சள் சூரியன், துணியாலான குட்டி மனிதர்கள்.

உற்றுப் பார்த்தால், அவர்கள் ஏந்திய பதாகை ‘எங்கே அவர்கள்?’ என்று கேட்கும்.

1973இல் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்தபின், காணாமலாக்கப்பட்ட கணவரையும் பிள்ளைகளையும் தேடியலைந்த சாந்தியாகோ பெண்கள், கத்தோலிக்கத் திருச்சபையின் ஆதரவில் கூடித் தைத்தார்கள். கோணிச்சாக்கின் மேல் ஒட்டுத்துணிகள். சிலர் காணாமற்போனவரின் உடையிலிருந்தே துண்டு எடுத்தார்கள். சிறைக் கம்பிகளும் பொதுச் சமையல் பானையும் ஊசிமுனையில் உருப்பெற்றன. செய்தித்தாள்கள் சொல்ல முடியாததை இந்தத் துணிகள் சொல்லின. அவற்றை ரகசியமாக வெளிநாட்டுக்கு அனுப்பி விற்ற காசு, வறுமையில் வாடிய குடும்பங்களின் பசியாற்றியது.

பலவற்றில் தைத்தவர் பெயர் இல்லை. இன்று சாந்தியாகோவின் நினைவு அருங்காட்சியகம் அவற்றை ஆவணங்களாகவே பாதுகாக்கிறது.