குதிரை ஓடிற்று, கேள்வி நின்றது!

நள்ளிரவு. ஊர் அடங்கிவிட்டது. தொலைவிலே குதிரைக் குளம்பொலி. விழித்தவர்களும் கதவைத் திறக்க அஞ்சிக் கிடக்கின்றனர். பொழுது விடிந்து பார்த்தால், ஊருக்குக் கேடு செய்தவன் ஒருவன் வீழ்ந்து கிடக்கிறான். "கருப்பு தண்டித்துவிட்டது" என்கிறது ஊர். "சாமியாவது, குதிரையேறி வருவதாவது! இது மனிதன் வேலை" என்கிறது அறிவு. எது மெய்?

இந்த ஒரு வினாவைக் கையிலே வைத்துக்கொண்டு தமிழகத்து வீடுகளைக் கட்டிப்போட்ட தொடர் 'விடாது கருப்பு'. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விட்டு விடு கருப்பா' எனும் புதினம், நாகாவின் இயக்கத்திலே, கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்தின் தயாரிப்பாக, 'மர்ம தேசம்' வரிசையில் ஒன்றாய், 1990களின் பிற்பகுதியில் சன் தொலைக்காட்சியில் உலா வந்தது. எழுதியவர் 2024 நவம்பரில் மறைந்தார். அவர் படைத்த தொடர் மறையவில்லை. அது முதலில் வெளிவந்த நாளில் பிறந்திராத இளைஞர்களும் இன்று கைப்பேசித் திரையிலே அதைக் காண்கின்றனர். ஆகவே, பழங்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆராய்ந்து பார்த்தே ஆக வேண்டும்.

புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிட்டே குறை கூறுவோம். ஒப்பனை அறையிலே செய்யப்பட்ட கிராமத்தை அத்தொடர் காட்டவில்லை. புழுதியும் புளிய மரமும் உள்ள ஊரைக் காட்டிற்று. ஒரு சிறுவனின் நாட்களையும் வளர்ந்த மனிதர்களின் நாட்களையும் மாற்றி மாற்றிச் சொல்லி, இரண்டும் எங்கே சேரும் என்று நம்மை ஏங்க வைத்தது. காதலும் குடும்பமும் மர்மமும் பின்னிக் கிடந்தன. எல்லாவற்றுக்கும் மேலாக, "சாமிதான்" என்று முதல் நாளே தீர்ப்பெழுதிவிடவில்லை. ஐயப்படுவோருக்கும் அங்கே இடம் இருந்தது. பேய்ப்படம், பாம்புப்படம் என்று பக்தியைக் காசாக்கிய கூட்டத்துக்கு நடுவே இது நல்ல அறிகுறி என்று நம்பத் தோன்றியது. அந்த நம்பிக்கை பெரிது. ஆதலால்தான் ஏமாற்றமும் பெரிது.

முடிவு என்ன? கதைநாயகன் இராசேந்திரனின் உள்ளம் இரண்டாகப் பிளவுண்டிருக்கிறது. அவனுக்குள்ளேயே கருப்பு குடியிருக்கிறது. இளமையில் பட்ட காயமும் பாட்டியிடம் கேட்ட நம்பிக்கையும் சேர்ந்து ஒரு மனிதனைச் சாமியாக்கிவிட்டன.

"சாமி இல்லை, மனநோய்தான் என்று சொல்லிவிட்டார்களே! பகுத்தறிவுக்கு வெற்றியல்லவா?" என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். வெற்றி என்று தோன்றும். கூர்ந்து நோக்கினால் பாதி வெற்றியும் இல்லை. அரிவாளைப் பிடித்த கை எவனுடையது என்பதற்கு விடை கிடைத்தது. அந்த அரிவாள் நீதி வழங்குகிறது என்று ஊர் நம்பியதே, அது சரியா என்பதற்கு விடை எங்கே? குற்றம் செய்தவன்தான் வீழ்ந்தான். ஆகவே கருப்பின் தீர்ப்பு சரியான தீர்ப்பு என்றல்லவா பார்த்தவர் நெஞ்சிலே பதிந்தது? வழக்கு இல்லை, சாட்சி இல்லை, மறுமொழி கூற இடமில்லை. நாட்டிலே எவரேனும் இப்படி நீதி வழங்கினால் கொடுங்கோலன் என்போம். குதிரையிலே வந்து வழங்கினால் காவல் தெய்வமா?

மேனாட்டிலும் இரத்தக் காட்டேரிக் கதைகள் உண்டு. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897இல் வந்தது. அங்கே அச்சமூட்டிய பிணம், 2005இல் வந்த ஸ்டெஃபெனி மேயரின் 'ட்விலைட்' கதையிலே கல்லூரிப் பெண்கள் கனவு காணும் காதலனாகவே மாறிவிட்டது! ஆனால், அந்தக் கதைகளுக்கெல்லாம் முன்பே நடந்த மெய் நிகழ்ச்சி ஒன்று உண்டு. ஆஸ்திரியப் பேரரசின் ஊர்களிலே, செத்தவர் எழுந்து வந்து இரத்தம் குடிக்கின்றனர் என்று மக்கள் புதைகுழிகளைத் தோண்டினர். பிணங்களைச் சிதைத்தனர், எரித்தனர். அரசி மரியா தெரேசா 1755இல் மருத்துவர்களை அனுப்பி ஆராயச் செய்தார். அரசவை மருத்துவர் ஜெரார்டு வான் ஸ்வீட்டன், இவையெல்லாம் அறியாமையின் விளைவே என்று அறிக்கை தந்தார். அதோடு நின்றதா? பிணங்களைத் தோண்டிச் சிதைப்பதைத் தடுத்து ஆணை பிறந்தது. விளக்கம் வந்தது, விளக்கத்தால் வழக்கம் மாறிற்று. 'விடாது கருப்பு' தந்த விளக்கத்தால் ஊரிலே எந்த வழக்கம் மாறிற்று?

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்திலே அய்யனாருக்கும் குதிரைக்கும் பஞ்சமில்லை. நமணசமுத்திரத்திலே மண்குதிரைகள் வரிசை வரிசையாய் நிற்கின்றன. குளமங்கலத்திலே வானளாவ நிற்கிறது பெருங்குதிரை. வேளார் குலத்துக் கைவினைஞர் மண் பிசைந்து, சூளையிலிட்டுச் செய்த குதிரைகளை, புரவி எடுப்பு நாளிலே ஊரார் தோள் கொடுத்துத் தூக்கிச் செல்வர். குதிரை தானாக ஓர் அடியும் நடந்ததில்லை. செய்ததும் மனிதன், சுமந்ததும் மனிதன். அந்தக் கலையழகைப் போற்றுவோம், மறுப்பார் எவருமில்லை.

ஆனால், அந்தக் குதிரை நிற்கும் கோயிலுக்குள் எவர் நுழையலாம், எவர் நுழையலாகாது? 2022 டிசம்பரிலே வேங்கைவயலில் பட்டியல் சாதி மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமை வெளிப்பட்டது. நேரில் விசாரிக்க வந்த மாவட்ட ஆட்சியரிடம், இறையூர் அய்யனார் கோயிலுக்குள் தங்களை விடுவதில்லை என்று அம்மக்கள் முறையிட்டனர். ஆட்சியரே அவர்களை உள்ளே அழைத்துச் சென்றார். அப்போது அங்கே ஒருவர் சாமியாடினார். ஆடியபடியே அம்மக்களை இழித்துப் பேசினார். வழக்குப் பதிந்து கைது செய்தனர்.

எண்ணிப் பாருங்கள் தோழர்களே! சாமி வந்தது, பேசிற்று. குடிநீரிலே மலம் கலந்தவன் யார் என்று கேட்டதா? கேட்கவில்லை. கோயிலுக்குள் வந்தவன் என்ன சாதி என்று கேட்டது! கதையிலே வரும் கருப்பு கயவனைத் தேடி வருகிறது. ஊரிலே வரும் சாமியோ சாதியின் குரலிலே பேசுகிறது. இந்த வேறுபாட்டைக் காட்டுகிற துணிவு தொடருக்கு இருந்திருந்தால், அது மர்மக்கதையாக மட்டும் நில்லாது மறுமலர்ச்சிக் கதையாகவும் உயர்ந்திருக்கும். கருப்பை அழைக்கும் நிலை ஏழைக்கு ஏன் வந்தது, காவல் நிலையமும் நீதிமன்றமும் அவனுக்கு ஏன் எட்டாமற் போயின என்ற வினாக்கள் எழுந்திருக்கும். ஊரின் நோயை ஒருவனின் நோயாகச் சுருக்கியதால் அவை எழவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. மனநல மருத்துவத்தைத் தமிழ் வீடுகளுக்குள் கொண்டுவந்த தொடர், நோயாளியைக் கொலைகாரனாகக் காட்டிற்று. மனநோயுற்றோரைக் கண்டு அஞ்சுவதே நம் நாட்டு வழக்கம். அந்த அச்சத்துக்கு இதுவும் தீனியாயிற்று. 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியிலே, தர்காவின் அருளால் குணமாகும் என்று நம்பிக் கொண்டுவந்து விடப்பட்ட 28 பேர், சங்கிலியில் பிணைக்கப்பட்டபடியே தீயில் மாண்டனர். நோயாளிக்குத் தேவை மருந்தும் பரிவும். அவனைச் சாமியாக்குவதும் கொடுமை, பூதமாக்குவதும் கொடுமை.

வேறு வழி உண்டா? உண்டு. இலங்கையிலே தாவரவியல் கற்பித்த ஆசிரியர் ஆபிரகாம் கோவூர், பேய் பிடித்ததென்று சொல்லப்பட்ட வீடுகளுக்கு நேரில் சென்றார், ஆட்களிடம் பேசினார், அச்சத்துக்குப் பின்னே மறைந்திருந்த குடும்பத் துயரைக் கண்டறிந்தார். அவர் குறித்துவைத்த நிகழ்ச்சி ஒன்றே 1972இல் 'புனர்ஜன்மம்' எனும் மலையாளத் திரைப்படமாயிற்று. மர்மம் அங்கேயும் உண்டு, சுவையும் உண்டு. மர்மம் அவிழும்போது மனிதர்களுக்கு விடுதலையும் உண்டு.

எழுதத் துடிக்கும் இளைஞர்களே! மர்மக்கதை வேண்டாம் என்று நான் கூறவில்லை. கேள்வி கேட்கக் கற்றுத் தருவதிலே அதற்கு இணையான கதை வேறில்லை. எழுதுங்கள், குளம்பொலியும் கேட்கட்டும். ஆனால் குதிரையில் வந்தவன் யார் என்று சொன்னதோடு பேனாவை மூடிவிடாதீர். அவனை அனுப்பியது எது, அவனால் பயனடைந்தவர் யார், அவன் குரலைத் தன் குரலாக்கிக்கொண்ட சாதி எது என்பதையும் கேளுங்கள். குதிரை ஓடியது போதும். இனிக் கேள்வி ஓடட்டும்!