தந்தி தந்தியாக

டெஃப் லெப்பர்ட் ராக் குழுவின் ‘ஹிஸ்டீரியா’ தொகுப்பு 1987 ஆகஸ்டில் வந்தது. உலகெங்கும் 2 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. 12 பாடல்களில் 7 தனித்தட்டுகளாகவும் வெளிவந்தன. இத்தனை விற்றதில் இசை எங்கே இருக்கப்போகிறது, வெறும் பளபளப்பு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. அந்தப் பளபளப்பைத்தான் கிட்டே வந்து கேட்கச் சொல்கிறேன்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தொகுப்பின் பெயரையே தாங்கிய பாடலைப் போடுங்கள். ஸ்டீவ் கிளார்க், ஃபில் காலன் என இரண்டு கிட்டார்காரர்கள். ஒருவர் வாசிப்பதையே மற்றவரும் வாசித்துக் கனம் கூட்டவில்லை. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவரின் சுரம் வந்து அமர்கிறது. மெட்டல் என்ற பெயரின் கீழ் இவ்வளவு மென்மையான உரையாடல்!

அந்தச் சுரங்கள் ஏன் இப்படித் துலங்குகின்றன? தந்திகளைச் சேர்த்து மீட்டினால் ஒலிகள் ஒன்றையொன்று உரசி மங்கும். அதனால் தயாரிப்பாளர் மட் லாங், கார்டின் (சுரக்கூட்டின்) சுரங்களைத் தனித்தனியே வாசிக்கச் செய்து பதிந்து, பிறகு அடுக்கினார். உதிரிப் பூக்களைத் தொடுப்பது போன்ற வேலை. பெரிய ஆம்ப்ளிஃபயர்களை விட்டு, கையடக்கமான ராக்மேன் கருவியைப் பயன்படுத்தியதால் கிட்டார் மெலிந்து மின்னுகிறது. குரலுக்கு இடம் கிடைக்கிறது. பாடகர் ஜோ எலியட் சரணத்தைத் தணிந்த குரலில் பாடுகிறார். பல்லவியில் அவர் குரலை உயர்த்திக் கத்துவதில்லை. அடுக்கடுக்கான துணைக்குரல்கள் சேர, பாட்டு விரிகிறது.

‘இயந்திரத்தனம்’ என்று குறை சொல்லப்பட்ட டிரம்ஸுக்கும் ஒரு கதை உண்டு. 1984 டிசம்பர் 31 அன்று ஷெஃபீல்டு அருகே நடந்த கார் விபத்தில் டிரம்மர் ரிக் ஆலன் இடக்கையை இழந்தார். இடக்கையின் வேலையை இடக்காலுக்குப் பழக்கி, மின்னணு மிதிகளோடு 1986-இல் டோனிங்டன் ராக் விழாவில் மேடையேறினார். தட்டில் ஒலிப்பவை பெரும்பாலும் பதிந்தெடுத்துக் கணினியில் கோத்த அடிகளே. ஆனால் அவை எவ்வளவு சிக்கனமானவை! ஓர் அடி விழுகிறது. அதைச் சுற்றி வெட்டவெளி. பிறகுதான் அடுத்த அடி. அந்த நிதானத்தின் மேல்தான் கிட்டார்கள் மிதக்கின்றன.

தொகுப்பு நீளம்தான்; 62 நிமிடம். வரிகளில் ஆழம் குறைவு, பின்பாதியில் ஓரிரு பாடல்கள் சோர்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு பாட்டும் தனித்து நின்று வெல்ல வேண்டும் என்ற ஆசையே ஒவ்வொரு சுரத்தையும் இவ்வளவு பொறுமையாகச் செதுக்க வைத்தது. இங்கே வணிகமும் கைத்திறனும் பகையல்ல.

1991 ஜனவரியில் ஸ்டீவ் கிளார்க் இறந்தார். அவர் உடனிருந்து முடித்த கடைசித் தொகுப்பு இது. அதை அறிந்தபின் அந்தத் தலைப்புப் பாடலைத் திரும்பக் கேட்டால், காது அவருடைய சுரங்களோடு நிற்பதில்லை. தோழனுக்காக அவர் விட்டுவைத்த இடைவெளிகளையும் தேடிப் போகிறது.