செயல்திட்ட எடுத்துரைப்பும் மதிப்பீடும்: ஒரு திறனாய்வு

தொடக்கப்பள்ளி மாணவர் தாம் செய்த செயல்திட்டத்தை வகுப்பினர் முன்னர் எடுத்துரைப்பதும், ஆசிரியர் அதற்கு மதிப்பெண் இடுவதும் இன்று பெருவழக்காகிவிட்டன. மாணவர் எடுத்துரைப்பது தமிழில். ஆசிரியர் மதிப்பிடுவதும் பெரும்பாலும் அப்பேச்சினையே. ஆதலின் இது கல்வியியலார்க்கு மட்டும் உரிய பொருள் அன்று. மொழியை ஆராய்வார்க்கும் உரியதாம். ஒரு நூலை ஆராயுங்கால் பொருள் வேறு, நடை வேறு எனப் பிரித்துக் காண்பது திறனாய்வாளர் மரபு. அம்மரபு சிறார் எடுத்துரைப்பை மதிப்பிடும் இடத்தும் போற்றப்படுகின்றதா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த பொருள்.

முறையின் தோற்றம்

செயல்திட்ட முறையைக் கல்வியுலகில் பரவச் செய்தவருள் தலையாயவர் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் கில்பாட்ரிக். மாணவன் ஒரு நோக்கத்தைத் தானே மேற்கொண்டு முழுமனத்துடன் ஆற்றும் செயலே செயல்திட்டம் என்பது, 1918இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் கருத்து. நோக்கம் கொள்ளல், திட்டமிடல், செய்து முடித்தல், மதிப்பிடல் என அவர் அதற்கு நான்கு படிகள் கூறினார். அவற்றுள் நான்காவதாகிய மதிப்பிடலும் மாணவனுக்கே உரியது என்பது கருதத்தக்கது. தான் எண்ணியது நிறைவேறிற்றா, எங்கே தவறிற்று என்று தானே நோக்குதல் கல்வியின் ஒரு கூறாக ஆங்கு அமைந்தது.

தமிழ்நாட்டில், 2003ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2007ஆம் ஆண்டுமுதல் மாநில முழுதும் விரிந்தது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், தொடர்ந்ததும் முழுமையானதுமாகிய மதிப்பீட்டினை வற்புறுத்தியது. 2012-13ஆம் கல்வியாண்டில் முப்பருவ முறை வந்தபொழுது, ஒரு பாடத்திற்குரிய 100 மதிப்பெண்ணில் 60 தொகுத்தறி மதிப்பீட்டிற்கும், 40 வளரறி மதிப்பீட்டிற்கும் வகுக்கப்பெற்றன. அந்நாற்பதிலும் 20 செயல்பாடுகளுக்கும், 20 சிறுதேர்வுகளுக்கும் உரியவாயின. எழுத்துத் தேர்வு ஒன்றே அளவுகோலாக இருந்த நிலை மாறியது நன்றே. ஆயினும், கில்பாட்ரிக் மாணவனிடம் வைத்த நான்காம் படி ஆசிரியரின் பதிவேட்டில் ஒரு கட்டமாக ஒடுங்கிற்று என்பதையும் மறுத்தற்கில்லை.

அளவுகோலின் குறை

பள்ளிதோறும் வேறுபடினும், எடுத்துரைப்பை மதிப்பிடும் பட்டியல்களில் பெரும்பாலும் காணப்படுவன ஐந்து: பொருளறிவு, தெளிவான உச்சரிப்பு, தங்குதடையற்ற பேச்சு, தன்னம்பிக்கை, காட்சிப்பொருளின் அழகு. இவற்றை நுணுகி நோக்கின் ஓர் உண்மை புலப்படும். உச்சரிப்பு, தடையின்மை, தன்னம்பிக்கை ஆகிய மூன்றும் நாவன்மை என்னும் ஒரே பண்பின் மூன்று பெயர்கள். நாவன்மை உடையவன் ஒரு திறனுக்கு மும்முறை மதிப்பெண் பெறுகின்றான். அஃது இல்லாதவன் ஒரு குறைக்கு மும்முறை இழக்கின்றான். காட்சிப்பொருளின் அழகோ பல வேளைகளில் பெற்றோர் கைத்திறனையும், வண்ண அட்டையும் தெர்மாக்கோலும் வாங்குதற்குரிய பொருள்வளத்தையுமே காட்டும். எஞ்சியது பொருளறிவு ஒன்றே. அதுவும் மனப்பாடமாக ஒப்பித்த உரையைக் கொண்டு முடிவு செய்யப்படுமாயின், மாணவன் யாது செய்தான் என்பது எக்கட்டத்திலும் அளக்கப்படவில்லை என்பது தெளிவு.

கட்டங்களைப் பிரித்துவிட்டால் மட்டும் இக்குறை நீங்கிவிடும் எனவும் கருதற்கில்லை. படைத்துறை மேலலுவலர் தம் கீழுள்ளாரின் அறிவு, உடற்பாங்கு, தலைமைப் பண்பு, ஒழுக்கம் ஆகியவற்றைத் தனித்தனியே மதிப்பிட்ட முறையை எட்வர்டு தார்ண்டைக் என்னும் உளவியலறிஞர் ஆராய்ந்து 1920இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒன்றில் உயர்வாக மதிக்கப்பட்டவர் ஏனையவற்றிலும் இயல்புக்கு மீறி உயர்வாகவே மதிக்கப்பட்டமையை அவர் கண்டார். ஒருவரைப் பற்றிய பொதுவான எண்ணம் தனித்தனி மதிப்பீடுகளின்மேல் படர்கின்றது என்பது அவர் துணிபு. முதல் நொடியிலேயே நிமிர்ந்து நின்று வணக்கம் கூறும் சிறுவனுக்குப் பொருளறிவிலும் ஒரு மதிப்பெண் கூடுவது இவ்வாறே.

ஒரு சான்று

நான்காம் வகுப்பு மாணவர் இருவரைக் கருதுவோம். நீர் என்பது செயல்திட்டத்தின் பொருள். முதலாமவன் நீர்ச்சுழற்சியை வண்ணப்படமாகக் கொணர்ந்து, ஆவியாதல், முகிலாதல், மழையாதல் என மூன்று மணித்துளி தடையின்றி உரைக்கின்றான். இரண்டாமவள் தன் தெருவிலுள்ள கிணறுகளை எண்ணிப் பழைய ஏட்டுத்தாளில் குறித்து வந்துள்ளாள். தாளைப் பார்த்தே பேசுகின்றாள், குரல் தாழ்ந்துள்ளது, "அந்தக் கெணத்துல தண்ணி வத்திப் போச்சு, பக்கத்துல போர் போட்டாங்க" என்கின்றாள்.

மேற்கூறிய பட்டியலின்படி முதலாமவனே வெல்வான். ஆயின் ஆராய்ச்சி யாருடையது? கண்டு, எண்ணி, ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள தொடர்பை ஐயுற்றவள் இரண்டாமவளே. அவ்வையம் முழுதும் சரியாகாது போகலாம். எனினும் அறிவியல் மனத்தின் முதல் முளை அதுவன்றோ? அதனைக் காணாது "கெணத்துல" என்பதைத் திருத்துவதோடு ஆசிரியர் அமைவாராயின், அச்சிறுமி கற்றுக்கொள்வது ஒன்றே: தான் கண்டதைக் கூறுவதினும், பிறர் எழுதித் தந்ததை ஒப்பித்தலே பயன் தரும் என்பது. இதனினும் பெரிய இழப்பு வேறில்லை.

மொழி பற்றிய கருத்து

தமிழில் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபட்டு நிற்பது யாவரும் அறிந்தது. வழக்கு, செய்யுள் என்னும் இரண்டனையும் ஆராய்ந்தே தொல்காப்பியர் இலக்கணம் செய்தார் என்று பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறும். எட்டு, ஒன்பது வயதுடைய குழந்தைக்குச் சிந்திக்கும் மொழி வீட்டு வழக்கே. அதனை விலக்கிப் பேசுக என்பது சிந்தனையையும் விலக்குக என்பதில் முடியும். எழுத்து வழக்கைக் கற்பித்தல் இன்றியமையாதது. ஆயின் அதற்குரிய இடம் மொழிப்பாடம். அறிவியலிலும் சமூகவியலிலும் செய்த ஆய்வுக்குரிய மதிப்பெண்ணை வட்டார வழக்கின் பொருட்டுக் குறைத்தல் முறையன்று.

நாவன்மை கூடாது என்பது நம் கருத்தன்று. அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை வள்ளுவர் வகுத்துள்ளார். ஆனால் பரிமேலழகர் பகுப்பின்படி அவை அமைச்சியலில் உள்ளன. அமைச்சனுக்கு வேண்டிய முதிர்ந்த ஆற்றலைத் தொடக்கப்பள்ளிக் குழந்தையிடம் நுழைவுக் கட்டணமாகக் கேட்டல் பொருந்துமா? அவையஞ்சாமை கல்வியின் பயனாக வரத் தக்கது. கல்வியை அளக்கும் கோலாகத் தொடக்கத்திலேயே நிற்கத் தக்கதன்று. மேற்குறித்த சட்டத்தின் 29ஆம் பிரிவும், குழந்தையின் அச்சத்தைப் போக்கித் தன் கருத்தைத் தடையின்றி வெளியிடத் துணைசெய்தல் வேண்டும் என்றும், அறிவைப் புரிந்துகொண்டமையும் அதனைப் பயன்படுத்தும் ஆற்றலுமே மதிப்பிடத் தக்கன என்றும் கூறுகின்றது.

நன்னூல் காட்டும் நெறி

பவணந்தியார் மாணாக்கரை மூவகையாக்கி, அன்னமும் ஆவும் போல்வாரைத் தலையாகவும், மண்ணும் கிளியும் போல்வாரை இடையாகவும் வைத்தார். கற்பித்ததையே திரும்பக் கூறுவது கிளியின் இயல்பு. பாலையும் நீரையும் பிரித்துக் கொள்வது அன்னத்தின் இயல்பு. இன்றைய பட்டியல்களோ கிளிக்கே முதலிடம் தருகின்றன. நூல் பயிலும் நெறியில் வினாவுதலையும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் நன்னூலார் சேர்த்துக் கூறியுள்ளார். நம் குறைக்கு மருந்து இங்கேயே உள்ளது.

எடுத்துரைப்பு முடிந்ததும் ஆசிரியர் ஒரு வினா எழுப்புக. "இதனை எவ்வாறு அறிந்தாய்?" என்பதோ, "நீ எண்ணியதற்கு மாறாக யாதேனும் கண்டாயா?" என்பதோ போதும். ஒப்பித்தவன் அவ்விடத்து நின்றுவிடுவான். செய்தவள் தாளை விட்டு நிமிர்ந்து பேசத் தொடங்குவாள். பொருளறிவிற்குரிய மதிப்பெண் அவ்விடையைக் கொண்டே இடப்படுக. பேச்சுத்திறனுக்கு ஒரே கட்டம் அமைக. காட்சிப்பொருளின் அழகிற்கு மதிப்பெண் வேண்டா. பின்னர், "மறுமுறை செய்தால் எதனை மாற்றுவாய்?" என்று கேட்டு, நான்காம் படியை மாணவனிடமே திருப்பித் தருக.

மதிப்பெண்ணோடு ஒரு வரிக் குறிப்பும் எழுதினாற் போதாதோ எனலாம். ரூத் பட்லர் என்பார் இசுரேல் நாட்டுப் பள்ளி மாணவரிடம் நடத்தி 1988இல் வெளியிட்ட ஆய்வில், குறிப்பு மட்டும் பெற்றவரிடம் ஆர்வம் நிலைத்தது. மதிப்பெண்ணும் குறிப்பும் சேரப் பெற்றவரிடம் அந்நன்மை காணப்படவில்லை. ஆதலின் குறிப்பை முதலில் தந்து, மதிப்பெண்ணைப் பதிவேட்டளவில் நிறுத்துதல் சாலச் சிறந்தது.

காலம் போதாது என்பர் சிலர். தொடக்க நிலையில் முப்பது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்பது சட்டத்தின் அளவு. அத்தகைய வகுப்பில் ஆளுக்கு ஒரு வினாவும் இரண்டு மணித்துளியும் எனக் கொள்ளினும் ஒரு மணி நேரமே ஆகும். மனப்பாட உரையைச் சுருக்கினால் அந்நேரமும் மிஞ்சும். ஓராசிரியரே பல வகுப்புகளை நடத்தும் பள்ளிகளில் இஃது அரிது என்பது உண்மையே. ஆங்கு எடுத்துரைப்புகளைப் பல நாள்களுக்குப் பகிர்ந்து வைத்தல் தகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவாற்றால், சிறார் எடுத்துரைப்பில் நாவன்மையும் பொருள்வளமும் ஆராய்ச்சியின் இடத்தைக் கவர்ந்துகொண்டன என்பதும், ஒரு வினாவால் அதனை மீட்கலாம் என்பதும் பெறப்படும். நடையழகில் மயங்கிப் பொருளற்ற நூலைப் போற்றும் திறனாய்வாளனை நாம் ஏற்பதில்லை. தாழ்ந்த குரலில் மெய்யைக் கூறும் குழந்தைக்கும் அந்நீதி கிடைத்தல் வேண்டும்.