மீன் ஏறாத ஏடு

பழவேற்காடு ஏரிக்கரையில் ஏலம் முடிந்ததும் ஒரு கணக்கு நடக்கும். நான் போயிருந்த காலையில் ஐந்து பெண்கள் கூட்டாக ஒரு கூடை இறாலை 1,900 ரூபாய்க்கு எடுத்திருந்தார்கள். அவர்களில் மூத்தவர் சுருக்குப்பையை அவிழ்த்தபடியே சொன்னார்: “ஆளுக்கு நானூறு வெச்சா ரெண்டாயிரம். நூறு கூடிப் போச்சு. ஆளுக்கு இருபது எறக்கிக்க. முந்நூத்தி எம்பது.” தாள் இல்லை, கைபேசியும் இல்லை. எப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன். “இதுல என்னா இருக்குது தம்பி, ஏத்தி வெச்சு எறக்கறதுதான்” என்றார். பள்ளிக்கூடம் பக்கமே போனதில்லையாம்.

அந்த நாட்களில் நான் பழைய தமிழ்க் கணக்கு ஏடுகளைப் படித்துக்கொண்டிருந்தேன். எண்சுவடி, கணக்கதிகாரம் என்ற பெயர்களை எடுத்தாலே இன்று இரண்டு குரல்கள் எழும். முன்னோர் எல்லாம் அறிந்திருந்தார்கள் என்று ஒன்று. எல்லாம் வெறும் நெட்டுரு என்று மற்றொன்று. ஏட்டில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்த்தால் இரண்டுமே நிற்காது. அந்த ஏடுகளின் பலமும் குறையும் ஒரே இடத்தில் பிறந்தவை என்றுதான் எனக்குப் படுகிறது.

எண்சுவடி வாய்ப்பாட்டுப் புத்தகம். திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பையன் மணலில் விரலால் எழுதிப் பழகி, உரக்கச் சொல்லி மனத்தில் ஏற்றி, கடைசியில்தான் தன் கையால் ஓலையில் எழுதுவான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், பெருக்கல் வாய்ப்பாடு, நிலமளக்கும் குழிமாற்று என்று அது வளரும். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு, இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு என்று தொடங்கி உரி, நாழி, குறுணி, பதக்கு, தூணி ஏறிக் கலத்தில் போய் நிற்பான் பையன். வீட்டில் அம்மா அரிசி அளக்கும் படிதான் அவன் பாடம். எண் முதலில், பயன் பிறகு என்று இன்று நாம் பிரித்து வைத்திருப்பது அந்தத் திண்ணையில் பிரியவில்லை.

பின்ன வரிசைதான் இந்தச் சுவடியின் உச்சம். அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்குவது ஒரு வரிசை: 1/2, 1/4, 1/8, 1/16. மா 1/20, காணி 1/80 என்று இறங்குவது இன்னொன்று. பாதியாக்கும் கணக்கும் இருபதால் வகுக்கும் கணக்கும் இலேசில் ஒட்டாதவை. அவற்றை 1/320 என்ற முந்திரியில் கொண்டுவந்து முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். மாகாணியை இருபது கூறாக்கினாலும் முந்திரி. காணியை நாலு கூறாக்கினாலும் முந்திரி. மாகாணி என்ற பெயரையே பிரித்துப் பாருங்கள். மாவும் காணியும் சேர்ந்தது மாகாணி. 1/20-ஐயும் 1/80-ஐயும் கூட்டினால் 5/80, அதாவது 1/16. பின்னங்களைக் கூட்டுவது எப்படி என்று இன்றைக்கு ஆறாம் வகுப்பில் திணறும் பிள்ளைக்கு அன்று பெயரே விடையைச் சொல்லிக் கொடுத்தது. முந்திரிக்கும் கீழே முந்திரியில் முந்திரியான கீழ்முந்திரி இருக்கிறது: 1,02,400-இல் ஒரு பங்கு.

இந்த வரிசை ஓலையோடு போய்விடவில்லை. வேலை பெரும்பாலும் முடிந்தது என்பதற்கு ‘முக்காலே மூணு வீசம்’ என்பார்கள் நம் ஊர்ப் பெரியவர்கள். வீசம் மாகாணியின் மறுபெயர். முக்காலோடு மூன்று வீசம் சேர்ந்தால் பதினாறில் பதினைந்து. இன்னும் ஒரு வீசம்தான் பாக்கி. 16 அணா ஒரு ரூபாயாக இருந்தவரை அணா என்பதே ரூபாயில் வீசம்தான். 1957 ஏப்ரல் 1-இல் நூறு நயா பைசா ஒரு ரூபாயானது. பிறகு படியும் மரக்காலும் கிலோவுக்கும் லிட்டருக்கும் இடம் கொடுத்தன. சுவடியின் காலடியிலிருந்த தரை அப்போதுதான் நழுவியது.

மனப்பாடம் என்ற குற்றச்சாட்டுக்கு வருவோம். பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் ஆய்வாளர் செந்தில் பாபு இந்த ஏடுகளோடு நெடுங்காலம் உழைத்து, தென்னிந்தியாவின் எண்களும் அளவைகளும் பற்றி 2022-இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். திண்ணையில் நினைவு என்பது கற்றதைப் போட்டுவைக்கும் பெட்டி அல்ல, கற்கும் முறையே அதுதான் என்பது அவருடைய வாதம். வாய்ப்பாட்டின் முடிவில் பெருக்குத்தொகைகளின் மொத்தமும் வருவதைப் பார்க்கும்போது அவர் சொல்வது சரி என்றே தோன்றுகிறது. ஒரு வரி தவறினால் மொத்தம் காட்டிக்கொடுக்கும். சொல்பவனே தன்னைச் சோதித்துக்கொள்ளலாம்.

ஆனால் சோதனை அங்கேயே நின்றுவிடுகிறது. விடை சரியா என்று பார்க்க வழி உண்டு. விதி சரியா என்று பார்க்க வழி இல்லை.

கணக்கதிகாரத்தை எடுத்துக்கொள்வோம். கொறுக்கையூர்க் காரிநாயனார் செய்யுளில் செய்த நூல். எண்சுவடி முடித்தவர்களுக்கும் கணக்குத் தொழில் செய்தவர்களுக்கும் உரியது. வட்டத்தின் பரப்புக்கு அது சொல்லும் விதி, சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு என்பது. அப்பழுக்கில்லாத உண்மை, எந்த வட்டத்துக்கும் பொருந்தும். அதே நூல் பலாப்பழத்தை அறுக்காமல் சுளையை எண்ணவும் வழி சொல்கிறது: காம்பருகில் உள்ள சிறு முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகு. முள் 100 என்றால் சுளை 120. பையனுக்கு ஐந்தில் ஆறைப் பழக்க இதைவிடச் சுவையான கணக்கு கிடைக்காது. ஆனால் ஒன்று என்றைக்கும் மாறாத உண்மை, மற்றொன்று பழத்துக்குப் பழம் மாறக்கூடிய மதிப்பீடு. இரண்டும் ஒரே யாப்பில், ஒரே உறுதியான குரலில் வருகின்றன. பழத்தை அறுத்துச் சுளையை எண்ணிப் பார் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் அது கணிதத்தோடு அறிவியலும் கற்பித்திருக்கும்.

போதையனார் பெயரில் இன்று எங்கும் சுற்றிவரும் கர்ண விதியிலும் இதே சிக்கல்தான். நீளத்தை எட்டாக்கி ஒன்றைத் தள்ளு, உயரத்தில் பாதியைக் கூட்டு, கர்ணம் கிடைக்கும் என்கிறது அது. 8-க்கும் 6-க்கும் போட்டால் ஏழும் மூன்றும் பத்து. 12-க்கும் 5-க்கும் பத்தரையும் இரண்டரையும் பதின்மூன்று. வர்க்கமூலம் இல்லாமலே இரண்டும் துல்லியம்! கூரைக்குக் கழி வெட்டும் தச்சருக்கு இது வரம். இப்போது நீளம் 10, உயரம் 1 என்று வைத்துப் பாருங்கள். எட்டே முக்காலும் அரையும் ஒன்பதே கால். கர்ணம் நீளத்தைவிடக் குட்டையாகிவிட்டது; அப்படி ஒரு செங்கோண முக்கோணம் உலகத்தில் கிடையாது. விதி பொய் இல்லை, அதற்கு ஓர் எல்லை உண்டு. எந்தச் சரிவுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று சொல்லாமல் விதியை மட்டும் கையில் கொடுப்பது கற்பித்தலில் பெரிய குறை. இதைப் பெருமையோடு பகிர்பவர்கள் ஒரு தடவையாவது சப்பையான முக்கோணத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இன்னொரு குறை எழுத்தில் இருந்தது. பழைய தமிழ் எண்களில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறிகள். ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கிக் கூட்டவும் பெருக்கவும் தோதில்லாத எழுத்து அது. ஆகவே கணக்கு மனத்தில் நடந்தது. ஓலையில் விடை மட்டும் ஏறியது. மனக்கணக்கு வளர்ந்தது உண்மைதான். ஆனால் கணக்குப்பிள்ளை உன் நிலம் இவ்வளவு, உன் வாரம் இவ்வளவு என்று சொன்னபோது, அந்த விடைக்கு அவர் வந்த வழியை உழவர் எங்கே பார்ப்பார்? வழி தெரியாத விடை அதிகாரமாக மாறுவது எளிது.

மேற்கில் அப்போது காரணம் கேட்டுக் கற்றார்கள், இங்கே மட்டும்தான் உருப்போட்டார்கள் என்று நினைத்துவிடக் கூடாது. அதற்குச் சான்று பழவேற்காட்டிலேயே இருக்கிறது. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே 1613-இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரை வாணிபத்தின் தலைமையிடமாக வைத்திருந்தது. கோட்டைக்குள் நாணயச் சாலையும் இருந்தது. அந்த நூற்றாண்டில் டச்சுப் பையன்கள் படித்த புகழ்பெற்ற கணக்குப் புத்தகம் வில்லெம் பார்ட்யென்ஸ் 1604-இல் வெளியிட்டது. ‘பார்ட்யென்ஸ் சொன்னபடி’ என்றால் கணக்கு சரி என்று பொருள். அந்த மரபுத்தொடர் இன்றும் டச்சு மொழியில் வாழ்கிறது. அதிலும் விதி, எடுத்துக்காட்டு, பயிற்சி என்ற வரிசைதான். நிரூபணத்துக்கு இடம் குறைவு. மூன்று எண் தெரிந்தால் நாலாவதைக் காணும் மூன்றின் விதிதான் அந்தக் காலத்து வணிகக் கணக்குகளின் உயிர். நம்மவர்கள் திரைராசிகம் என்றது அதையேதான். பழவேற்காட்டுத் துணிக்கு வராகனில் விலை பேசி கில்டரில் எழுதிய டச்சுக் குமாஸ்தாவும், அவரோடு பேரம் பேசிய செட்டிமார்களும் ஒரே விதியை வேறு வேறு மொழியில் உருப்போட்டவர்கள். அந்தக் கம்பெனி இந்தக் கரையிலிருந்து தன் ஆசியத் தலைமையிடமான பதேவியாவுக்கு மனிதர்களை அடிமைகளாக ஏற்றியது. அவர்களும் பேரேட்டில் எண்ணிக்கையாகவும் விலையாகவும் ஏறினார்கள். மூன்றின் விதி எதை எண்ணுகிறோம் என்று கேட்காது. அதைக் கேட்கக் கற்றுக்கொடுக்கும் பாடம் இரண்டு நாட்டுப் புத்தகத்திலும் இல்லை.

வித்தியாசம் வேறோர் இடத்தில் இருந்தது. இங்கிலாந்தில் ராபர்ட் ரெக்கார்டு 1543-இல் அச்சிட்ட கணக்கு நூல் குருவும் சீடனும் பேசும் உரையாடலாகவே நடக்கும். சீடன் தப்புச் செய்வான், குரு திருத்துவார். தவறு புத்தகத்துக்குள்ளேயே அச்சாகியிருக்கிறது. திண்ணையில் தவறு பையனின் உடம்பில்தான் பதிந்தது: பிரம்பு, கயிற்றில் தொங்கவிடும் கோதண்டம். தவறிய கணக்கை மற்றவர்கள் படித்துத் தெளிய ஓலையில் இடம் வைக்கவில்லை. நம் மரபின் உண்மையான இழப்பாக நான் நினைப்பது இதைத்தான்.

திண்ணை வெளிநாட்டுக்கும் போனது. 1789-இல் சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதிப் பள்ளியை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதையும் சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதையும் கண்டு, அதை ஒரு முறையாக்கி 1797-இல் லண்டனில் புத்தகமாக வெளியிட்டார். ‘மெட்ராஸ் முறை’ என்று பிரிட்டனில் அது பரவியது. மணலும் சட்டாம்பிள்ளையும் கப்பலேறினார்கள். முந்திரியும் மாகாணியும் ஏறவில்லை. செலவைக் குறைக்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குள் ஓடிய கணிதத்தை விட்டுவிட்டார்கள்.

அந்தத் திண்ணையில் யாருக்கு இடம் இருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஆளுநர் தாமஸ் மன்றோ ஆணையிட்டு 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்ததாகத் தெரிந்தது. கல்வி எவ்வளவு பரவியிருந்தது என்று காட்ட இந்த எண்ணைச் சொல்வார்கள். ஆய்வாளர் தரம்பால் 1983-இல் வெளியிட்ட நூலுக்குப் பிறகு இது இன்னும் பிரபலம். பெருமைப்பட வேண்டிய எண்தான். ஆனால் அதில் பெண்கள் 4,540 பேர், நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. ஏரிக்கரையில் இறாலுக்கு விலை வைத்துப் பங்கு பிரித்த கைகள் யாருடையவை என்று நினைத்துப் பார்த்தால் இந்த எண் உறுத்துகிறது.

கணக்கதிகாரத்தின் தலைப்புகளும் அதே கதையைத்தான் சொல்கின்றன. நிலம், பொன், நெல், அரிசி, கல் என்று அது வகுத்துக்கொண்டு போகிறது. மீனுக்குத் தனித் தலைப்பு இல்லை. வரி எங்கே இருந்ததோ அங்கே கணக்கு இருந்தது. குடி எங்கே இருந்ததோ அங்கெல்லாம் அது போகவில்லை. எட்டியதுவரை அதன் ஆழம் வியக்கத்தக்கது. எட்டாத இடத்தில் கணிதமே இல்லை என்று நாம் நினைத்துவிட்டதுதான் பிழை.

பழவேற்காட்டில் பாடு என்று ஒன்று உண்டு. ஏரியில் வலை கட்டும் இடத்தையும் அந்த இடத்தின் முறையையும் சேர்த்துச் சொல்லும் சொல் அது. கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களில் தலைக்கட்டுக் கணக்கு வைத்து, சீட்டுப் போட்டு, முறை மாற்றி இடம் பிரித்துக்கொள்வது வழிவழி வந்த வழக்கம். முகத்துவாரத்துக்குப் பக்கத்து இடமும் உள்ளே தள்ளியிருக்கும் இடமும் ஒன்றல்ல. அமாவாசை நீரோட்டமும் அஷ்டமி நீரோட்டமும் ஒன்றல்ல. சமமில்லாத இடங்களைச் சமமான மனிதர்களுக்குப் பிரிப்பது நெல்லை மரக்காலால் பிரிப்பதைவிடக் கடினமான கணக்கு. அதை ஏடு இல்லாமலே போட்டிருக்கிறார்கள். ஏட்டில் ஏறாததால் அதை யாரும் கணக்கு என்று அழைக்கவில்லை.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரை மூன்று குழுவாகப் பிரித்து, நாளுக்கு ஒரு குழு என்று முறை வைத்ததாகக் கொள்வோம். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடையே 15 நாள் என்று வைத்தால், மூன்று பதினைந்தில் மீதியின்றிப் போகும். முதல் அமாவாசை எந்தக் குழுவுக்கு விழுந்ததோ, அதற்குப் பிறகு எல்லாப் பௌர்ணமியும் எல்லா அமாவாசையும் அதே குழுவுக்குத்தான். முறை நேர்மையாகத் தோன்றும். பலன் நேர்மையாக இராது. ஐந்து குழு என்றாலும் இதே கதி. நான்கு குழு என்றால் மீதி மூன்று வருவதால் ஒவ்வொரு பட்சத்துக்கும் குழு மாறிவிடும். உண்மையில் பட்சம் 15 நாளுக்குக் கொஞ்சம் குறைவு. இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆனால் ஒரு நாள் நழுவும். அப்படி நழுவி முறை மாறுவதற்குள் இறால் பருவம் முடிந்துவிட்டால், மூன்று குழு வைத்த ஊரில் மற்ற இரண்டு குழுவின் கதி என்ன? எத்தனை நாளுக்கு ஒரு தடவை மறுபடி சீட்டுப் போட வேண்டும்?

பழவேற்காட்டுப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புக் கரும்பலகையில் இந்தக் கேள்வியை எழுதிவைத்துவிட்டு, ஒரு வாரம் விடை சொல்லாமல் விடலாம். பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ப் பாட்டியைக் கேட்டுவிட்டு வருவார்கள். பாட்டி சொன்ன வழியையும், முதல் நாள் அவர்கள் போட்ட தப்புக் கணக்கையும் அதே கரும்பலகையில் அழிக்காமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதவேண்டும்.